தைரொயிட் ரிப்போர்ட் வந்த வழி

போன தவணை பெற்றோர் கூட்டம் முடிந்ததும் ஒரு உம்மா எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்து ஒரு ரிப்போர்ட்டை நீட்டினார். "இதுல ரீ.எஸ்.எச். கூட என்று இருக்கு. டொக்டர் தைரொயிட் குறைவு என்கிறார். எது சரி?"

இரண்டு வருடமாக அவருக்குக் களைப்பு, முடி உதிர்வு, உடம்பு ஊதல். வீட்டில் கிடைத்த பெயர் 'சோம்பேறி'. பிறகு குளிசை குடித்துச் சுகமானார். ரிப்போர்ட் நோர்மல் என்று வந்ததும் தானாகவே குளிசையை நிறுத்தியிருக்கிறார். இப்போது எல்லாம் திரும்ப வந்துவிட்டது.

நாங்கள் வைத்தியர்கள் அல்லர். ஆனால் அந்த இலக்கத்தின் வரலாறு தெரிந்தால் நம்மில் பலர் இந்தத் தவறைச் செய்யமாட்டோம்.

ஒரு காலத்தில் கழுத்துதான் ரிப்போர்ட். கழுத்து வீங்கினால் கண்டமாலை. நமது நாட்டின் தென்மேற்கு ஈரவலயத்தில் இது அதிகம் காணப்பட்டது. அயடீன் குறைந்தால் சுரப்பி வீங்கும். அதனால்தான் 1990களின் நடுப்பகுதியில் உப்பில் அயடீன் சேர்ப்பது இங்கே கட்டாயமானது. ஆனால் கழுத்து வீங்காமலே சுரப்பி சோர்ந்துபோனவர்களை யார் கண்டுபிடிப்பது?

1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜோர்ஜ் மரே என்ற வைத்தியர், தைரொயிட் வேலை செய்யாத 46 வயதுப் பெண்ணுக்குச் செம்மறி ஆட்டின் தைரொயிட் சாற்றை ஊசியாக ஏற்றினார். அவர் தேறினார். அந்த மருந்தைத் தொடர்ந்து எடுத்து மேலும் 28 வருடங்கள் வாழ்ந்தார். 'தொடர்ந்து' என்ற சொல்லைக் கவனியுங்கள். அது நோயை வேரோடு பிடுங்கும் மருந்தல்ல. சுரப்பி தராததை வெளியிலிருந்து கொடுப்பது. இன்றைய தைரொக்சின் குளிசையும் அதே வேலையைத்தான் செய்கிறது.

மருந்து வந்தது, அளவுகோல் வரவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நோயாளியை வெறும் வயிற்றில் படுக்கவைத்து, அவர் எவ்வளவு ஒட்சிசன் எடுக்கிறார் என்று அளந்தார்கள். ஆள் பதற்றப்பட்டால் கணக்குப் பிழைத்துவிடும். பிறகு இரத்தத்தில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் அயடீனை அளந்தார்கள். அயடீன் கலந்த இருமல் மருந்து குடித்திருந்தால் அதுவும் பிழைக்கும்.

வழி திறந்தது நியூயோர்க்கில். ரொசலின் யலோ என்ற பெண்ணை ஆரம்பப் பாடசாலை ஆசிரியையாக்கவே வீட்டார் விரும்பினார்கள். அவர் பௌதிகவியல் படித்தார். பிரொங்ஸ் நகர்ப்பகுதியில் முன்னாள் இராணுவத்தினருக்கான வைத்தியசாலையில், துப்புரவுப் பொருள் வைக்கும் அறை ஒன்றை ஆய்வுகூடமாக்கினார். வைத்தியர் சொலமன் பேர்சனோடு சேர்ந்து 1950களின் இறுதியில் இன்சுலினை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார்.

வகுப்பறை உதாரணம் சொல்கிறோம். பத்துக் கதிரைகள். நாம் அடையாளமிட்ட பத்துப் பிள்ளைகளை அனுப்புகிறோம். அதே நேரம் வெளியிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். நமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இடமில்லாமல் போனது என்று எண்ணினால், வெளியிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். கதிரை என்பது பிறபொருளெதிரி. அடையாளமிட்ட பிள்ளை கதிரியக்கம் ஏற்றிய ஓமோன். வெளிப்பிள்ளை நமது இரத்தத்தில் உள்ள ஓமோன்.

இருவரும் இதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. 1972இல் பேர்சன் காலமானார். 1977இல் யலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதே முறையில் 1965இல் ரீ.எஸ்.எச். அளக்கப்பட்டது. இன்று பெரும்பாலும் கதிரியக்கத்துக்குப் பதிலாக ஒளியை வைத்து அளக்கிறார்கள்.

இனி அந்த உம்மாவின் கேள்வி. ரீ.எஸ்.எச். தைரொயிட்டில் சுரப்பதல்ல. மூளைக்கு அடியில் உள்ள கபச்சுரப்பி தைரொயிட்டுக்கு அனுப்பும் கட்டளை அது. வகுப்பு மந்தமானால் அதிபரின் குரல் உயரும். வகுப்பு சுறுசுறுப்பானால் குரல் தாழும். ஆகவே பெரும்பாலும் ரீ.எஸ்.எச். கூடினால் தைரொயிட் குறைவு, ரீ.எஸ்.எச். மிகக் குறைந்தால் தைரொயிட் அதிகம். வளர்ந்தவர்களுக்கு வழமையான அளவு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை. ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் சற்று மாறும். கர்ப்பிணிகளுக்கு வேறு.

குளிசை குடிக்கும்போது 'நோர்மல்' என்று வருவதன் பொருள், குளிசை தன் வேலையைச் செய்கிறது என்பதுதான். அதன் அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே மீண்டும் இரத்தம் பார்ப்பார்கள். கபச்சுரப்பி புதிய நிலைக்குப் பழக அவ்வளவு காலம் தேவை.

1970களில் கனடாவின் கியூபெக்கில் பிறந்த குழந்தைகளின் ஒரு துளி இரத்தத்திலேயே இதைப் பார்க்கத் தொடங்கினார்கள். தைரொயிட் இல்லாமல் பிறக்கும் குழந்தைக்கு முதல் வாரங்களிலேயே மருந்து கொடுத்தால் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றலாம். தாமதித்தால் இழந்ததை முழுதாக மீட்க முடியாது. பிள்ளையின் குதிகாலில் குத்தி இரத்தம் எடுக்கும்போது, "பச்சப்புள்ளைக்கு ஏன் இது?" என்று தடுக்காதீர்கள்.

அந்த உம்மா மறுநாளே கிளினிக் போனார். குளிசையை நிறுத்துவதென்றாலும் குறைப்பதென்றாலும் வைத்தியரைக் கேட்டே செய்வோம். நம் வீட்டில் களைத்துப்போன ஒருவரைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன், ஒருமுறை இரத்தம் பார்த்துவிடுவோம்.