அவை மீண்டும் கூடுவது எப்போது?

2022 பிப்ரவரியில் அன்றைய மேற்கு வங்க ஆளுநர் ஜகதீப் தன்கர், அம்மாநிலச் சட்டப்பேரவையின் கூட்டத்தொடரை முடித்துவைத்து ஆணை பிறப்பித்தார். பேரவையையே அவர் முடக்கிவிட்டதாகப் பரபரப்பு எழுந்தது. தமிழக முதல்வர் மு.க.ஸ்டாலினும் கண்டித்தார். மாநில அரசின் பரிந்துரைப்படியே ஆணையிட்டதாக ஆளுநர் விளக்கினார். ஒத்திவைப்பு, முடித்துவைப்பு, கலைப்பு ஆகிய மூன்றும் ஒன்றுபோல் தோன்றுவதே இத்தகைய குழப்பத்துக்குக் காரணம் எனக் கருதுகிறேன்.

அமர்வை ஒத்திவைப்பது பேரவைத் தலைவரின் அதிகாரம். கலைப்பு, பேரவையின் ஆயுளையே முடித்துத் தேர்தலுக்கு வழிவிடும். முடித்துவைப்பு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது: கூட்டத்தொடர் முடியும், பேரவை நீடிக்கும். அரசமைப்புச் சட்டத்தின் 174ஆவது கூறு இந்த அதிகாரத்தை ஆளுநருக்கு அளிக்கிறது. எனினும், அமைச்சரவையின் அறிவுரைப்படியே அவர் செயல்பட வேண்டும் என்பதை அருணாசலப் பிரதேச வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நிலுவையிலுள்ள மசோதாக்கள் இதனால் காலாவதியாகா. இரு தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்குமேல் இடைவெளியும் கூடாது.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? அறிவுரை கூறும் அரசே அவையைக் கண்டு அஞ்சும்போதுதான். கனடாவில் 2008 டிசம்பரில் சிறுபான்மை அரசை நடத்திய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர், நம்பிக்கையில்லா வாக்கெடுப்பை எதிர்நோக்கியிருந்தார். அதற்குச் சில நாட்கள் முன்பு, டிசம்பர் 4 அன்று, நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைக்கக் கோரினார். கவர்னர் ஜெனரல் மிக்காயேல் ஜான் இசைந்தார். 2009 ஜனவரி 26 அன்று அவை மீண்டும் கூடியபோது எதிர்க்கட்சிகளின் கூட்டணி வலுவிழந்திருந்தது. ஹார்ப்பர் பதவியில் நீடித்தார்.

இதே அதிகாரம் அவையைத் திறக்கவும் பயன்பட்டிருக்கிறது. 1968 மார்ச் 7 அன்று பஞ்சாப் பேரவைத் தலைவர், நிதிநிலை அலுவல்கள் முடியாத நிலையில் பேரவையை இரண்டு மாதங்களுக்கு ஒத்திவைத்தார். மார்ச் 11 அன்று ஆளுநர் கூட்டத்தொடரை முடித்துவைத்து, மார்ச் 18 அன்று கூடுமாறு பேரவையைப் புதிதாக அழைத்தார். உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது.

இரண்டு இடங்களிலும் பயன்பட்டது ஒரே அதிகாரம். ஒன்றில் வாக்கெடுப்பு தள்ளிப்போனது. மற்றொன்றில் அடைபட்ட அவை திறந்தது. ஆகவே, முடித்துவைப்பு ஆணை வெளியாகும்போது ஆளுநர் யார் என்பதைவிட, யார் கேட்டார்கள், அவை எப்போது கூடும் என்பவற்றையே நாம் முதலில் கேட்க வேண்டும். பேரவை கூட்டத்தொடரில் இல்லாதபோது அவசரச் சட்டம் பிறப்பிக்கவும் வழி திறக்கிறது என்பதால், இந்தக் கேள்விகள் இன்னும் முக்கியமாகின்றன. அமைச்சரவையின் பரிந்துரையையும் அடுத்த கூட்டத்துக்கான தேதியையும் அந்த ஆணையிலேயே வெளியிடுவதை மரபாக்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. அவையை எதிர்கொள்ளும் துணிவு இருந்தால் போதும்.