கனவும் நனவின்கண் அதன் நினைவும்

உறங்கியெழுந்த ஒருவன், 'இரவு ஒரு கனவு கண்டேன்' என்று சொல்லத் தொடங்கி, இரண்டொரு சொற் கூறுமுன்னரே அக்கனவு நழுவிப்போக, 'ஏதோ கண்டேன். இப்பொழுது நினைவில்லை' என்று வாளாவிருத்தல் உலகில் நாடோறுங் காணப்படுவதொன்றாம். எளிய இந்நிகழ்ச்சியை மெய்ந்நூலார் சிறிதென்று விடுத்திலர். கண்டவன் யாவன்? மறந்தவன் யாவன்? மறந்தவிடத்தும் 'கண்டேன்' என்னும் அவ்வளவினைப் பற்றி நிற்பவன் யாவன்? என்னும் மூன்று வினாக்களும் இதன்கண் அடங்கிக் கிடத்தலின், உயிருண்மை நாட்டப் புகுந்தார் இதனை ஓர் ஏதுவாகவே எடுத்தாண்டனர். அவ்வாராய்ச்சி நடந்துவந்த வரலாறு ஈண்டுச் சுருக்கி உரைக்கப்படும்.

பிருகதாரணியக உபநிடதத்தில் யாஞ்ஞவல்கியர் சனகனுக்குக் கனவுநிலையை விளக்குங்கால், தேரும் புரவியும் வழியும் இல்லாதவிடத்து அவற்றை உயிர் தானே படைத்துக்கொள்ளும் என்றனர். கணாதர் வைசேடிக சூத்திரத்துள், ஆன்மாவும் மனமும் கூடுங் கூட்டத்தின் சிறப்பானும் வாசனையானும் நினைவு தோன்றும் என்று கூறி, கனவும் அத்தன்மைத்தே என்றனர். அதற்கு விரிவு செய்த பிரசத்தபாதர், வாசனையின் மிகுதி, உடலின்கண் வளி முதலியவற்றின் கேடு, முன்வினை என மூன்று காரணங்களை வகுத்தனர். இவர் கொள்கைப்படி கனவுதானே வாசனையானும் பிறப்பது. அதனை நனவில் நினைத்தல் அதன்மேற் பிறந்த நினைவாம். அது நிலையாது நழுவுதல் வியப்பன்று.

இம்மறதியையே கருவியாகக்கொண்டு உயிருண்மையை நாட்டியவர் 13ஆம் நூற்றாண்டிலே திருவெண்ணெய்நல்லூரில் எழுந்தருளியிருந்த மெய்கண்டதேவர். சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரம் உயிருண்மை கூறுவது. ஏழு அதிகரணங்களை உடையது. அவற்றுள் நான்காவது, சூக்கும உடம்பே உயிர் என்பாரை மறுப்பது. அவர் கூறுமாறு: 'ஐம்பொறிகளும் அடங்கிக் கிடக்கவும் கனவின்கண் அறிவு நிகழ்கின்றது. பருவுடம்பு ஆண்டுத் தொழிற்படவில்லை. ஆகலின் அறிந்தது சூக்கும உடம்பே. அதுவே உயிர்' என்ப.

அற்றன்று. சூக்கும உடம்பு கனவின்கண் மட்டுமன்றி நனவின்கண்ணும் உடனிருப்பது. அதுவே கண்டதாயின், கண்டதனைக் கண்டவாறே நனவினும் உணர்தல் வேண்டும். உலகிலோ அவ்வாறில்லை. ஒருவன் தானே ஒருநாட் கனவு கண்டேன் என்கின்றான். ஒருநாட் கண்டிலேன் என்கின்றான். கண்டதனையும் பிறழ உணர்கின்றான். ஆகவே, கனவுடம்பினின்று நனவுடம்பிற்கு மீண்டு, இரண்டன் வேற்றுமையையும் அறிந்து நிற்கும் ஒன்று அவ்விரண்டின் வேறாதல் வேண்டும் என்பது ஆசிரியர் கருத்து. பிறர் நினைவினது உறுதியை ஏதுவாக்க, இவர் நினைவினது தளர்ச்சியையே ஏதுவாக்கினமை உய்த்துணரற்பாலது. மாபாடியம் இயற்றி 1785இல் இறைவனடி சேர்ந்த சிவஞான முனிவர், ஒவ்வோர் அதிகரணமும் எவ்வெவ் வாதியை நோக்கி எழுந்ததென்று பிரித்துக் காட்டினமையால் இந்நுட்பம் கற்பார்க்கு இனிது விளங்கலாயிற்று.

அம்மறதி எங்ஙனம் நிகழுமெனின், அவத்தைகளின் கருவிக் கணக்கு அதனைத் தெளிவிக்கும். நனவிற் கருவி 35. கனவில் ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் நீங்க எஞ்சுவன 25. உறக்கத்திற் சித்தமும் பிராணனும் புருடனுமாக மூன்றே. துரியத்தில் இரண்டு; துரியாதீதத்தில் ஒன்று. கனவில் மனம் முதலிய அந்தக்கரணம் நான்கும் உளவாகலின் காட்சி நிகழ்கின்றது. கனவினின்று நனவிற்கு வருவான் பத்துக் கருவிகளைப் புதிதாகக் கூடுகின்றான். கூடிய அளவிலே புறவுலகம் அவனை ஈர்க்கின்றது. பழைய காட்சி பின்னிடுகின்றது.

இனி, மேனாட்டார் இதனை ஆராய்ந்த வரலாறு 19ஆம் நூற்றாண்டிற் சிறப்புற்றது. பிரான்சு நாட்டு அல்பிரெட் மோரி என்பார் 1861இல் வெளியிட்ட நூலில் தம் கனவொன்றைக் கூறினர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தே தாம் விசாரிக்கப்பட்டுத் தலை துணிக்கும் பொறியில் ஏற்றப்பட்டதாக நீண்டதொரு கனவு கண்டு விழித்தபொழுது, கட்டிலின் உறுப்பொன்று தம் கழுத்தின்மேல் வீழ்ந்திருக்கக் கண்டனர். அது வீழ்ந்த நொடியிலேயே நெடுங்கனவு முழுதும் நிகழ்ந்ததென்பது அவர் துணிபு. விழித்தபின் நினைவே அதனைக் கோவைப்படுத்தியதோ என்னும் ஐயம் பின்னர் எழுந்தது. அமெரிக்க நாட்டு மேரி கால்க்கின்ஸ் என்னும் அம்மையார், தாமும் வேறொருவரும் மணிப்பொறியால் இரவின் வெவ்வேறு பொழுதுகளில் எழுந்து உடனுக்குடன் எழுதிய 375 கனவுகளைத் தொகுத்து 1893இல் வெளியிட்டனர். சிக்மண்ட் பிராய்டு 1900ஆம் ஆண்டிட்டு வெளிவந்த தம் பெருநூலில், கனவு மறத்தலைப்பற்றித் தனியே ஆராய்ந்து, வெளிவரலாகாத எண்ணங்களை உள்ளமே தடுத்து மறைத்தலும் அதற்கொரு காரணம் என்றனர்.

1953இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்து அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறங்குவாருடைய கண்கள் இமையினுள்ளே சிற்சில பொழுதுகளில் விரைந்து அசைதலைக் கண்டு எழுதினர். 1957இல் டெமென்டும் கிளைட்மனும் அவ்வசைவின்போது 191 முறை எழுப்பி வினவ, 152 முறை கனவு நினைவிற்கு வந்தது. அவ்வசைவில்லாதபோது 160 முறை எழுப்ப, 11 முறையே வந்தது. அசைவு நின்று சில நிமிடங் கழியின் நினைவு பெரிதுங் குன்றியது. கனவின் நீளமும் அசைவு நிகழ்ந்த காலத்தோடு பெரும்பாலும் ஒத்திருந்தமையின், நொடிப்பொழுதில் நெடுங்கனவு என்ற மோரியின் துணிபும் தளர்ந்தது. 'யான் கனவே காண்பதிலன்' என்பாரும் தக்க பொழுதில் எழுப்பப்படின் கனவு கூறுதலுண்டு என்பது இத்தகைய சோதனைகளால் தெரியவந்தது. எனவே 'கண்டிலேன்' என்னுஞ் சொல் காட்சியின் இன்மையைக் குறியாது, பெரும்பாலும் நினைவின் இன்மையையே குறிப்பதாயிற்று.

2019இல் சப்பான் நாட்டு நகோயாப் பல்கலைக்கழகத்தாரும் அவரொடு கூடினாரும், எலிகளின் மூளையில் அக்கண்ணசைவுறக்கத்தே தொழிற்படும் ஒருசார் நரம்பணுக்கள் மறதியை விளைத்தலைக் காட்டினர். எலி கனவு காணுமோ என்பதை அதன் வாய்கேட்டு அறிதல் கூடாமையின், அம்முடிபை மக்கள் கனவிற்கு ஏற்றிக் கூறுதல் கருதலளவையாகவே நிற்கும்.

அற்றேல், மறதிக்கு மூளையே காரணமாயின் மெய்கண்டார் ஏது வழுவாகாதோவெனின், இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. 'இவையெல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்தனர்' என்று பெருமிதங் கொள்வார் கூற்று ஒருபுடை பிழை. கண்ணசைவையும் நரம்பணுவையும் நம் நூல்கள் கூறவில்லை. கனவிற்குக் கண்டத்தை இடமாக ஓதியதும் உடற்கூற்று நூலன்று. மற்று, 'மூளையைக் கண்டனம். உயிர் இல்லையாயிற்று' என்பார் கூற்றும் ஒருபுடை பிழையேயாம். சோதனைகள் காட்டியது கருவிகளின் தொழிற்பாட்டையே. கருவி கூடியவழி அறிதலும் கூடாதவழி அறியாமையும் உயிர்க்குண்டு என்பது சித்தாந்தமாகலின், கருவியின் இயல்பு நுணுகி அறியப்படுந்தோறும் அக்கொள்கைக்கு இழுக்கில்லை. அக்கருவிகளையுடையான் ஒருவன் வேறுளனோ என்னும் வினாவைக் கருவியாராய்ச்சி மட்டும் முடிவு செய்யமாட்டாது. அது அளவை நூலின் வினா. அவ்வினாவிற்கு மெய்கண்டார் கூறிய விடை இன்றும் ஆராயற்பாலதாகவே நிற்கின்றது.

கனவை நினைவிற்கொள்ள விரும்புவார் விழித்தவுடன் எழாது கிடந்தவாறே கிடந்து, கண்டதைக் கடைநின்று தலையளவும் எண்ணிப் பின் எழுதிவைத்தல் நலம். அங்ஙனம் எழுதியபின்னும் எழுதியதிற் குறையுண்டு என்பதை எழுதியவன் உள்ளமே அறியும். அக்குறையை அறிந்து நிற்கும் அறிவு யாருடையதென்று அவன் சிறிது சிந்திப்பானாயின், மூன்றாஞ் சூத்திரத்தின் வாயிலில் நிற்பவனாவன்.