வடிதுணியின் மறுபாதி அறம்

கொங்கு நாட்டில் சமணம் தழைத்திருந்தமைக்கு விஜயமங்கலம் சந்திரப்பிரபர் கோயில் இன்றும் சான்று பகர்கின்றது. அதற்கு அணித்தாக, பெருந்துறைப் பகுதியிலுள்ள சீனாபுரமே நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் ஊர் என்பது மரபு. தொல்காப்பியர் உயிர்களை ஆறறிவாகப் பகுத்தார். பவணந்தியாரோ ஐம்பொறிகளை அளவாகக் கொண்டு ஐயறிவாகப் பகுத்தார். புல்லும் மரமும் அவர் பகுப்பில் ஓரறிவுயிர்கள்.

சமண நெறியில் நீரே ஓரறிவுயிர்களின் உடல்; அதனுள் இயங்கும் சிற்றுயிர்களும் உண்டு. ஆதலின் இல்லறத்தார் நீரை இருமடித் துணியால் வடித்தே பருகினர். வடித்த நீரையும் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், கடந்தால் மீண்டும் வடித்தல் வேண்டும். துணியில் தங்கியவற்றைத் தரையில் உதறலாகாது. எந்த நீர்நிலையில் முகந்தனரோ அந்நீர்நிலையிலேயே விடுதல் வேண்டும். வடித்தல் பாதி அறம். திரும்ப விடுதல் மறுபாதி.

ஏரிநீரில் கண்ட சிற்றுயிர்களைப் பற்றி டச்சு நாட்டு லீவன்ஹூக் இலண்டன் ராயல் கழகத்திற்கு எழுதியது 1674இல். தேங்கிய நீரில் வாழும் அத்தகையவற்றுள் ஒன்றான சைக்ளோப்ஸ், நரம்புச்சிலந்திப் புழுவின் இளம்பருவத்தைச் சுமப்பது. படிக்கிணற்று நீரை வடியாது பருகியோரை அந்நோய் பற்றியது. படிக்கிணறுகளை மாற்றியமைத்தும், துணியால் நீர் வடிக்கப் பழக்கியும் அது ஒழிக்கப்பட்டது. 2000இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்றளித்தது. உயிர்களுக்கு இரங்கி வடித்த துணி, வடித்தவரையும் காத்தது.

துணியால் பெயர்பெற்ற திருப்பூரிலோ வரலாறு வேறாக நடந்தது. பாசனத்திற்கென நொய்யலின் குறுக்கே எழுந்து 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. பருத்திக்குச் சாயமேற்ற இடும் உப்பு நீரில் கரைந்து நிற்பது. எத்துணியாலும் அதை வடிக்க இயலாது. உப்பு மிகின் நன்னீர்ச் சிற்றுயிர்கள் மடியும். கீழ்க்கரை உழவரின் நிலமும் கிணறும் கெட்டன. அவர்கள் வழக்காடினர். கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எய்தாத சாய ஆலைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னர், கழிவுநீரைத் தூய்மைசெய்து மீண்டும் பயன்கொள்ளும் முறையோடு ஆலைகள் இயங்கலாயின.

நீரை முகந்தவர் அதன் உயிர்களுக்குக் கடன்பட்டவர் என்பதே அன்றைய கிணற்றடிக்கும் இன்றைய சாய ஆலைக்கும் பொதுவான நீதி. குழாய்நீர் வந்தபின் இல்லங்களில் வடிதுணி அருகி வருகின்றது. அதனை இளையோர்க்குக் கையளிக்கும் பெரியோர், அதன் மறுபாதி அறத்தையும் உடன் கற்பித்தல் கடன்.