எழுத்துச் சிதைவும் முரசு அஞ்சலும்

ஒரு கணினியில் தட்டச்சு செய்த தமிழ்க் கடிதம் மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாக மாறித் தோன்றுவது, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கோலாலம்பூர், கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரையும் உலகின் பிற பகுதித் தமிழரையும் ஒருசேர வருத்திய அன்றாடச் சிக்கலாகும். எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் ரோமன் எழுத்துகளுக்குரிய எண்ணிடங்களில் தமிழ் எழுத்துகளைத் தத்தம் விருப்பப்படி அமைத்ததால், குறியேற்றம் எனப்படும் எண் ஒதுக்கீட்டில் பொதுமை இல்லாமற்போனதே இதற்குக் காரணம்.

மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருள், பின்னர் முரசு அஞ்சலாக வளர்ந்து, சொல்லின் ஒலிக்கேற்ப ரோமன் விசைகளை அழுத்தினால் தமிழ் எழுத்து தோன்றும் அஞ்சல் விசைமுகத்தை அளித்தமையால், தமிழ்த் தட்டச்சு பயிலாதவர்களும் தாய்மொழியில் எழுத முடிந்தது. தட்டச்சு எளிதானாலும் குறியேற்றத்தில் பொதுமை இன்னும் தேவைப்பட்ட நிலையில், 2000ஆம் ஆண்டில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது. 2001இல் தமிழ்க் கணினிப் பயன்பாடு பற்றிய தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது.

ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் உலகப் பொதுவான எண்ணை வழங்கும் யூனிகோடு முறை, 128 இடங்கள் கொண்ட பகுதியைத் தமிழுக்கு ஒதுக்கியிருந்தது; அம்முறை பரவியபின் எழுத்துச் சிதைவு பெரிதும் நீங்கியது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதிக் கடைக்காரரின் கைப்பேசியிலிருந்து கிள்ளான் உறவினருக்குத் தமிழ்ச் செய்தி இன்று பிழையின்றிச் சேர்வது, பல நாட்டுத் தமிழரின் கூட்டுழைப்பு ஈந்த பயனே ஆகும்.