கணக்குத் தவறியபின்...

மானிடமகன் வரும் நாளைத் தந்தை ஒருவரன்றி வேறெவரும் அறியார் என்பது நற்செய்தியின் தெளிவான போதனை. ஆயினும் அந்நாளைக் கணித்துவிடத் துடித்தோர் வரலாறு நெடுகிலும் இருந்திருக்கின்றனர். ஐந்தாம் நூற்றாண்டிலேயே புனித அகுஸ்தினார் தமது 'கடவுளின் நகரம்' என்னும் நூலில், விரல்விட்டு எண்ணும் இத்தகையோரை விரல்களைத் தளர்த்தி ஓய்ந்திருக்கப் பணித்தார். 1516 இல் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம், உலக முடிவுக்கு நாள் குறித்து மறையுரையாற்றுவதைத் தடை செய்தது. நாள் குறித்தோர் எல்லாருடைய கணக்கும் தவறியது நாமறிந்ததே. தவறியபின் அவர்கள் என்ன செய்தனர் என்பதுதான் நம் சிந்தனைக்குரியது.

இவ்வகையில் அமெரிக்காவின் வில்லியம் மில்லருடைய வரலாறு படிப்பினை மிக்கது. நியூயார்க் மாநிலத்தில் உழவராய் வாழ்ந்த இவர், 1812 ஆம் ஆண்டுப் போரில் படைத்தலைவராய்ப் பணியாற்றியவர். பின்னர் பாப்திஸ்து சபையில் இணைந்து திருவிவிலியத்தை ஆழ்ந்து கற்றார். தானியேல் நூலின் எட்டாம் அதிகாரத்தில் வரும் 2300 நாள்களை 2300 ஆண்டுகளாகக் கொண்டார். பாரசீக மன்னர் அர்த்தக்சஸ்தா கட்டளை பிறப்பித்த கி.மு. 457 ஐத் தொடக்கமாக வைத்தார். தூய்மையாக்கப்படவேண்டிய தூயகம் இவ்வுலகமே என்றும், கிறிஸ்து 1843 ஆம் ஆண்டளவில் திரும்பி வருவார் என்றும் முடிவு செய்தார். 1831 முதல் இதைப் போதிக்கலானார். யோசுவா ஹைம்ஸ் என்னும் போதகரின் இதழ்கள் அச்செய்தியை நாடெங்கும் பரப்பின. நம்பியோர் 50,000 பேருக்கும் மேல் என மதிப்பிடப்படுகிறது.

குறித்த காலம் 1844 மார்ச்சில் கடந்தது. கி.மு.வுக்கும் கி.பி.க்கும் இடையே சுழி ஆண்டு இல்லை என்பதைக் கணக்கில் சேர்த்தால் ஆண்டு 1844 ஆகும் என்பது தெளிவாயிற்று. யூதரின் பாவக்கழுவாய் நாளை ஒட்டி, அக்டோபர் 22 என்று சாமுவேல் ஸ்நோ என்பவர் நாளையே குறித்தார். முதலில் தயங்கிய மில்லரும் இறுதி வாரங்களில் அதை ஏற்றுக்கொண்டார். உழவர் சிலர் விளைந்ததை அறுக்காமல் விட்டனர். வணிகர் சிலர் கடைகளை மூடினர். அக்டோபர் 22 கழிந்து மறுநாள் கதிரவன் வழக்கம்போல் உதித்தான். விடியும்வரை அழுதோம் என அவர்களுள் சிலர் பின்னர் எழுதிவைத்தனர். வரலாறு அந்நாளைப் 'பெரும் ஏமாற்றம்' என்றே குறிக்கிறது.

பலர் மனமுடைந்து பிரிந்து சென்றனர். ஆனால் ஹைரம் எட்சன் போன்றோர் புதியதொரு விளக்கம் கண்டனர். நாள் சரியே, நிகழ்ச்சிதான் வேறு. தூயகம் என்பது விண்ணகத்தில் உள்ளது, கிறிஸ்து அந்நாளில் அதன் உள்ளறைக்குள் நுழைந்தார் என்றனர். கண்ணால் காணவியலாத இடத்தில் நடந்ததாகச் சொன்னபின் அதை மறுக்க எவரால் இயலும்? இவ்விளக்கத்தை ஏற்றோரிடமிருந்தே 1863 இல் ஏழாம் நாள் அட்வெந்து சபை அமைப்பாக உருவெடுத்தது. பின்னாளில் உலகெங்கும் மருத்துவமனைகளும் கல்விக்கூடங்களும் நிறுவிய அச்சபை மீண்டும் நாள் குறிக்கவில்லை என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும்.

மில்லரோ அவ்வழி செல்லவில்லை. தம் கணக்கு பிழைபட்டதை அச்சிலேயே ஒப்புக்கொண்டார். ஆண்டவரின் வருகையை மட்டும் இறுதிவரை எதிர்நோக்கியிருந்து 1849 இல் காலமானார்.

எட்சனின் வழியைப் பிறரும் பின்பற்றினர். 1914 இல் உலக அரசுகள் முடிவுறும் என எதிர்பார்த்த யெகோவாவின் சாட்சிகளின் முன்னோடிகள், போரின் நடுவேயும் உலகம் தொடர்ந்தபின், அவ்வாண்டை விண்ணகத்தில் கிறிஸ்துவின் ஆட்சி தொடங்கிய ஆண்டாகப் போதிக்கலாயினர். 2011 மே 21 ஐக் குறித்த வானொலிப் போதகர் ஹெரால்டு கேம்பிங், அன்று நடந்தது ஆவிக்குரிய தீர்ப்பு என்று கூறி, அக்டோபர் 21 ஐ அடுத்த நாளாக்கினார். ஆயினும் 2012 மார்ச்சில், நாள் குறித்தது பாவமே என எழுத்தில் ஒப்புக்கொண்டார்.

இதைப் பிறர் குறையாக மட்டும் எண்ணிவிடலாகாது. உகாண்டாவில் கத்தோலிக்கரிடையே தோன்றிப் பிரிந்துபோன ஓர் இயக்கம், 1999 டிசம்பர் 31 உடன் உலகம் முடியும் என்று கற்பித்தது. அந்நாள் கடந்தபின், 2000 மார்ச் 17 இல் கனுங்கு என்னும் ஊரில் அவ்வியக்கத்தின் கோவில் தீக்கிரையாகி, சிறுவர் உட்பட நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

பிழையை ஒப்புக்கொள்வது ஏன் இத்துணைக் கடினம்? நம்பிக்கைக்காக நிலத்தையும் உறவையும் நற்பெயரையும் இழந்தவனுக்கு, 'தவறு' என்னும் ஒரு சொல் அத்தனை இழப்பையும் வீணாக்கிவிடுமோ என்ற அச்சம் உண்டு. அவனைத் தொடர்ந்தோரின் முகங்களும் கண்முன் நிற்கும். ஆகவே விளக்கம் பிறக்கிறது, விளக்கம் கோட்பாடாகிறது. தன் கணக்கைக் காப்பவன் கடவுளின் வாக்கையே காப்பதாக எண்ணத் தொடங்குகிறான்.

மில்லர் காத்தது நம்பிக்கையை, கைவிட்டது கணக்கை. இவ்விரண்டையும் பிரித்தறியும் பணிவு நாள் குறிப்போருக்கு மட்டுமன்றி, கடவுளின் பெயரால் பேசும் ஒவ்வொருவருக்கும் தேவை.