தூதரக வாகன இலக்கத் தகடு

தூதரக வாகன இலக்கத் தகடு என்பது ஒரு நாட்டில் இயங்கும் வெளிநாட்டுத் தூதரகங்கள், துணைத் தூதரகங்கள், பன்னாட்டு அமைப்புகள் ஆகியவற்றின் வாகனங்களுக்கும், அவற்றில் பணியாற்றும் அலுவலர்களின் வாகனங்களுக்கும் அந்நாட்டு அரசு வழங்கும் தனிவகைப் பதிவெண் தகடு ஆகும். பொது வாகனங்களின் தகடுகளிலிருந்து நிறத்தாலும் எழுத்து வரிசையாலும் இது வேறுபட்டிருக்கும். இத்தகடு பொருத்திய வாகனத்தைச் சோதனையிடவோ பறிமுதல் செய்யவோ கூடாது என்பதைக் காவல்துறையினரும் சுங்க அலுவலர்களும் பார்த்தவுடன் அறிந்துகொள்வதே இதன் முதன்மை நோக்கம்.

சலுகைகளைத் தருவது இத்தகடு என்று பரவலாகக் கருதப்படுகிறது. ஆனால் சட்டப்படி உரிமைகள் தூதரகத்துக்கும் தூதருக்கும் உரியவை. தகடு அவற்றைச் சுட்டும் அடையாளம் மட்டுமே. தகடு கழன்று விழுந்தாலும் தூதரின் விலக்குரிமை அழியாது. தூதர் அல்லாத ஒருவர் அத்தகடு பொருத்திய வாகனத்தை ஓட்டுவதால் அவருக்கு விலக்குரிமை கிடைத்துவிடாது.

== பெயரும் எழுத்துகளும் ==

பல நாடுகளின் தூதரகத் தகடுகளில் 'சி.டி.' என்னும் இலத்தீன் எழுத்துகள் காணப்படுகின்றன. இவை 'தூதர் குழாம்' என்னும் பொருள் தரும் 'கோர் டிப்ளமத்தீக்' என்ற பிரெஞ்சுத் தொடரின் முதலெழுத்துகள். துணைத் தூதரகங்களுக்குரிய 'சி.சி.' என்பது 'கோர் கொன்சுலேர்' என்பதன் சுருக்கம். நெடுங்காலம் பிரெஞ்சு மொழியே தூதுறவின் பொது மொழியாக விளங்கியதால் இச்சுருக்கங்கள் நிலைபெற்றன. ஐக்கிய நாடுகள் அவையின் வாகனங்களுக்கு 'யு.என்.' என்னும் எழுத்துகள் பல நாடுகளில் வழங்கப்படுகின்றன.

== வரலாறு ==

தூதரின் ஊர்தி அவரது அரசரின் மதிப்பைத் தாங்கி வருவதாகக் கருதப்பட்ட வழக்கம் மோட்டார் வாகனங்களுக்கு மிகவும் முற்பட்டது. 1661-ஆம் ஆண்டு இலண்டனில் சுவீடன் தூதரை வரவேற்கும் ஊர்வலத்தில் யாருடைய வண்டி முன்னே செல்வது என்பது குறித்து எசுப்பானியத் தூதரின் ஆட்களும் பிரெஞ்சுத் தூதரின் ஆட்களும் தெருவில் மோதிக்கொண்டதில் உயிர்ச்சேதம் ஏற்பட்டது.

1708-ஆம் ஆண்டு அதே நகரில் ரஷ்யத் தூதர் அந்திரேய் மத்வேயெவ், கடன் கொடுத்தவர்களின் தூண்டுதலால், தமது வண்டியிலிருந்து வெளியே இழுக்கப்பட்டுக் கைது செய்யப்பட்டார். ரஷ்யப் பேரரசர் முதலாம் பீட்டர் இதற்குக் கடும் எதிர்ப்புத் தெரிவித்தார். பிரித்தானிய நாடாளுமன்றம் தூதர்களைக் கைது செய்வதையும் அவர்களது உடைமைகளைப் பறிப்பதையும் தடைசெய்யும் சட்டம் ஒன்றை இயற்றியது. தூதருக்குரிய காப்பு எழுத்து வடிவச் சட்டமாக மாறிய தொடக்க காலச் சான்றுகளுள் இது ஒன்று.

மோட்டார் வாகனங்கள் பெருகிய 20-ஆம் நூற்றாண்டில் நாடுகள் தூதரகங்களுக்கெனத் தனிப் பதிவு முறைகளை ஏற்படுத்தத் தொடங்கின.

== சட்ட அடிப்படை ==

தூதுறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கை 1961 ஏப்ரல் 18 அன்று கையெழுத்தாகி 1964 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. இலக்கத் தகடு பற்றி இவ்வுடன்படிக்கை எதுவும் கூறவில்லை. தகட்டின் நிறம், எழுத்து, வழங்கும் முறை ஆகியவற்றை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்கிறது. எனினும் வாகனங்களைப் பாதிக்கும் பின்வரும் பிரிவுகள் இதில் உள்ளன:

* பிரிவு 20: தூதரகத் தலைவர் தமது வாகனத்தில் தம் நாட்டுக் கொடியையும் சின்னத்தையும் பயன்படுத்தலாம்.
* பிரிவு 22: தூதரகத்தின் வாகனங்களைச் சோதனையிடவோ, கையகப்படுத்தவோ, நீதிமன்ற ஆணைப்படி முடக்கவோ கூடாது.
* பிரிவு 29: தூதரைக் கைது செய்யவோ தடுத்து வைக்கவோ கூடாது.
* பிரிவு 30: தூதரின் தனிப்பட்ட உடைமைகளும் காப்புப் பெற்றவை. அவரது சொந்த வாகனமும் இதில் அடங்கும்.
* பிரிவு 31: தூதர் மீது ஏற்கும் நாட்டில் குற்ற வழக்கு நடத்த முடியாது. சில விதிவிலக்குகள் தவிர உரிமையியல் வழக்கும் தொடர முடியாது.
* பிரிவு 36: அலுவலுக்கும் சொந்தப் பயன்பாட்டுக்கும் கொண்டுவரப்படும் பொருட்களுக்குச் சுங்கவரி இல்லை.
* பிரிவு 41: சலுகைகளுக்கு ஊறின்றி, ஏற்கும் நாட்டின் சட்டங்களை மதித்து நடப்பது அனைவரின் கடமை.

இவற்றுள் கடைசிப் பிரிவு பெரும்பாலும் மறக்கப்படுகிறது. சிவப்பு விளக்கை மதிக்க வேண்டிய கடமையிலிருந்து தூதருக்கு விலக்கு இல்லை. அதை மீறினால் வழக்குத் தொடர முடியாது என்பதே வேறுபாடு. காவலர் வாகனத்தை நிறுத்தலாம், குற்றச்சீட்டு எழுதலாம். ஆனால் மூச்சுச் சோதனைக்கு உட்படுமாறு தூதரைக் கட்டாயப்படுத்த இயலாது.

=== துணைத் தூதரகங்களின் நிலை ===

துணைத் தூதரகங்களுக்கு 1963-ஆம் ஆண்டின் தனி வியன்னா உடன்படிக்கை பொருந்தும். இதன்படி துணைத் தூதரக அலுவலர்களின் விலக்குரிமை, அவர்கள் தம் பணியை ஆற்றும்போது செய்யும் செயல்களுக்கு மட்டுமே உரியது. வாகன விபத்தில் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்டுத் தொடரும் வழக்குகளுக்கு அவ்விலக்குரிமையும் பொருந்தாது என 43-ஆம் பிரிவு கூறுகிறது. மூன்றாம் நபர் காப்புறுதி பற்றிய உள்நாட்டு விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என 56-ஆம் பிரிவு வலியுறுத்துகிறது. 1961-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இத்தகைய பிரிவுகள் இல்லை. எனவே 'சி.டி.' தகடும் 'சி.சி.' தகடும் தோற்றத்தில் ஒத்திருந்தாலும் அவற்றின் பின்னுள்ள உரிமைகள் பெரிதும் வேறுபடுகின்றன.

== வரிச் சலுகைகள் ==

தூதரகங்கள் பொதுவாகச் சுங்கவரி இன்றி வாகனங்களை இறக்குமதி செய்கின்றன. பல நாடுகள் எரிபொருள் வரியையும் திருப்பித் தருகின்றன. இச்சலுகை வணிகமாக மாறாதிருக்க, வாகனத்தை உள்ளூரில் விற்பதற்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. சலுகை இல்லாத ஒருவருக்கு விற்கும்போது வரி செலுத்த வேண்டிய நிலை எழலாம்.

'வரி' என்பதற்கு விலக்கு உண்டு. 'குறிப்பிட்ட சேவைக்கான கட்டணம்' என்பதற்கு விலக்கு இல்லை. சாலைச் சுங்கம், வாகன நிறுத்தக் கட்டணம் முதலியவை இவற்றுள் எதில் அடங்கும் என்பதே பல சர்ச்சைகளின் வேர்.

== நாடுகள் வாரியாக ==

* இந்தியா: வெளிர்நீலப் பின்புலத்தில் வெண்ணிற எழுத்துகள். நாட்டைக் குறிக்கும் எண், பின்னர் சி.டி., சி.சி. அல்லது யு.என்., அதன் பின் வரிசை எண் என அமையும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு இத்தகைய பதிவுக்கு வழிசெய்கிறது. வாகனம் தூதரக அலுவலரின் உடைமையாக இருப்பது முடிந்தவுடன் அப்பதிவும் செல்லாததாகிவிடும். தூதரகங்கள் புது தில்லியில் இருப்பதால் சி.டி. தகடுகள் அங்கே மிகுதி. சென்னை, மும்பை, கொல்கத்தா போன்ற துணைத் தூதரகங்கள் உள்ள நகரங்களில் சி.சி. தகடுகளைக் காணலாம்.
* இலங்கை: டி.பி.எல். என்னும் எழுத்துகள் பயன்படுகின்றன.
* சிங்கப்பூர்: எஸ் எழுத்தில் தொடங்கி, எண்களைத் தொடர்ந்து சி.டி. அல்லது சி.சி. என முடியும்.
* ஐக்கிய இராச்சியம்: மூன்று இலக்கங்கள், நடுவில் டி அல்லது எக்ஸ், மீண்டும் மூன்று இலக்கங்கள். டி எழுத்து தூதர்களுக்கு உரியது.
* ஐக்கிய அமெரிக்கா: 1982-ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் தூதரகங்கள் சட்டத்தைத் தொடர்ந்து, மாநிலங்களுக்குப் பதிலாக வெளியுறவுத் துறையே இத்தகடுகளை வழங்குகிறது. தூதருக்கு டி, துணைத் தூதருக்கு சி, பிற பணியாளருக்கு எஸ் என்னும் எழுத்துகள் நிலையை உணர்த்துகின்றன.
* ரஷ்யா: சிவப்புப் பின்புலத்தில் வெண்ணிற எழுத்துகள். முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். 004 ஐக்கிய அமெரிக்காவுக்கு உரியது.
* பிரான்சு: பச்சைப் பின்புலம். தூதரகத் தலைவரின் வாகனத்துக்கு சி.எம்.டி. என்னும் எழுத்துகள்.
* ஜெர்மனி: தூதர்களின் தகடுகள் 0 என்னும் இலக்கத்தில் தொடங்குகின்றன.

== சர்ச்சைகள் ==

=== நியூயார்க் வாகன நிறுத்த அபராதங்கள் ===

ஐ.நா. தலைமையகம் அமைந்துள்ள நியூயார்க் நகரில் 1997 நவம்பர் முதல் 2002 வரையான காலத்தில் தூதர்களின் வாகனங்கள் மீது விதிக்கப்பட்டுச் செலுத்தப்படாத நிறுத்த அபராதச் சீட்டுகள் 1,50,000-க்கும் மேல். தொகை 18 மில்லியன் டாலருக்கும் மேல். இத்தரவுகளைப் பொருளியலாளர்கள் ரேமண்ட் பிஸ்மனும் எட்வர்ட் மிகெலும் ஆராய்ந்து 2007-இல் கட்டுரை வெளியிட்டனர். எல்லாத் தூதர்களுக்கும் ஒரே விலக்குரிமை இருந்தும், குவைத் தூதர்களின் மீறல்கள் ஒருவருக்கு ஆண்டுக்கு 200-க்கும் மேற்பட்டிருக்க, சுவீடன், நார்வே, கனடா நாட்டினரிடம் நிலுவை எதுவும் இல்லை. ஊழல் மிகுந்ததாக மதிப்பிடப்படும் நாடுகளின் தூதர்களே மிகுதியாக மீறினர் என அவர்கள் கண்டனர்.

2002-இல், மூன்று அபராதங்களுக்கு மேல் நிலுவை வைத்திருக்கும் வாகனங்களின் தூதரகத் தகட்டைத் திரும்பப் பெறும் நடைமுறை வந்தது. நிலுவைத் தொகையின் 110 விழுக்காட்டை அந்நாட்டுக்கான அமெரிக்க உதவியிலிருந்து கழிக்கவும் வழி செய்யப்பட்டது. மீறல்கள் ஏறத்தாழ 98 விழுக்காடு குறைந்தன. விலக்குரிமையில் கைவைக்காமல், தகடு என்னும் அடையாளத்தை மட்டும் பறிப்பதன் மூலம் ஒழுங்கை நிலைநாட்ட முடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

=== இலண்டன் நெரிசல் கட்டணம் ===

இலண்டன் மையப்பகுதிக்குள் நுழையும் வாகனங்களுக்கு 2003 பெப்ரவரி முதல் நெரிசல் கட்டணம் அறவிடப்படுகிறது. இது ஒரு வரி என்றும், ஆகவே செலுத்த வேண்டியதில்லை என்றும் அமெரிக்கத் தூதரகம் 2005 முதல் வாதிட்டு வருகிறது. வேறு பல தூதரகங்களும் அவ்வாறே செலுத்தாதுள்ளன. இது சேவைக் கட்டணமே என்பது பிரித்தானிய அரசின் நிலைப்பாடு. 2024-இல் இலண்டன் போக்குவரத்து அமைப்பு வெளியிட்ட கணக்கின்படி 2023 இறுதி வரையான நிலுவை 140 மில்லியன் பவுண்டுக்கும் மேல். அப்பட்டியலில் ஐக்கிய அமெரிக்கா முதலிடத்திலும், ஜப்பான் இரண்டாம் இடத்திலும், இந்தியா மூன்றாம் இடத்திலும் இருந்தன.

== உயிரிழப்பு விபத்துகள் ==

விலக்குரிமை மிகக் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளாவது, தூதரக வாகனம் ஓர் உயிரைப் பறிக்கும்போதுதான். அத்தகைய சூழலில் ஏற்கும் நாட்டுக்கு இரு வழிகள் உள்ளன: விலக்குரிமையைத் துறக்குமாறு அனுப்பிய நாட்டைக் கோரலாம் (பிரிவு 32), அல்லது அந்நபரை ஏற்கத்தகாதவர் என அறிவித்து வெளியேற்றலாம் (பிரிவு 9). விலக்குரிமை தூதரின் சொத்தன்று, அவரது நாட்டின் சொத்து என்பதால், அதைத் துறக்கும் அதிகாரமும் நாட்டுக்கே உண்டு.

* வாசிங்டன், 1997: ஜார்ஜியா நாட்டின் தூதர் கியோர்கி மகராட்சே குடித்துவிட்டு வேகமாக ஓட்டிய வாகனத்தால் ஏற்பட்ட விபத்தில் 16 வயதுச் சிறுமி உயிரிழந்தார். ஜார்ஜியக் குடியரசுத் தலைவர் எட்வர்ட் ஷெவர்ட்நாட்சேயின் அரசு விலக்குரிமையைத் துறந்தது. மகராட்சே குற்றத்தை ஒப்புக்கொண்டு 7 முதல் 21 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை பெற்றார்.
* சிங்கப்பூர், 2009: ருமேனியத் தூதரகப் பொறுப்பாளர் சில்வியு யோனெஸ்கு, தூதரக வாகனம் மோதிவிட்டு நிற்காமல் சென்ற சம்பவங்களில் ஒருவர் இறந்தார், இருவர் காயமுற்றனர். அவர் தாய்நாடு திரும்பிவிட்டார். சிங்கப்பூர் அளித்த சான்றுகளின் துணையுடன் ருமேனிய நீதிமன்றத்திலேயே வழக்கு நடந்து, அவர் சிறைத் தண்டனை பெற்றார்.
* இங்கிலாந்து, 2019: குரோட்டன் வான்படைத் தளத்தருகே சாலையின் தவறான பக்கத்தில் ஓட்டப்பட்ட கார் மோதி 19 வயது இளைஞர் உயிரிழந்தார். காரை ஓட்டிய அமெரிக்க அலுவலரின் மனைவி விலக்குரிமை கோரி நாடு திரும்பினார். 2022-இல் காணொளி வழியாக இலண்டன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 8 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு நிறுத்திவைக்கப்பட்டது. இதற்கிடையே, அத்தளத்துப் பணியாளரின் குடும்பத்தினர் தொடர்பான ஏற்பாட்டை இரு நாடுகளும் 2020-இல் திருத்தின.

பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடாவது கிடைக்கும் பொருட்டு, தூதரக வாகனங்களுக்குக் காப்புறுதி கட்டாயம் என்னும் நிபந்தனையைப் பல நாடுகள் விதிக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் தூதரை விட்டுவிட்டுக் காப்புறுதி நிறுவனத்தின் மீதே நேரடியாக வழக்குத் தொடரலாம்.

== பாதுகாப்புச் சிக்கல் ==

காப்புக்காக வழங்கப்படும் தகடு, வாகனத்தை எளிதில் இனங்காணச் செய்வதால் ஆபத்தையும் விளைவிக்கலாம். 2012 பெப்ரவரி 13 அன்று புது தில்லியில் இசுரேலியத் தூதரகக் கார் ஒன்றின் மீது, இருசக்கர வாகனத்தில் வந்தவர் குண்டு ஒன்றை ஒட்டி வெடிக்கச் செய்ததில் தூதரக அலுவலர் ஒருவரின் மனைவி உள்ளிட்டோர் காயமடைந்தனர். நாட்டைக் குறிக்கும் எண் தகட்டிலேயே இருப்பதால், முறையை அறிந்த எவரும் வாகனம் எந்நாட்டினது என்பதைக் கண்டுகொள்ள முடியும்.

== இவற்றையும் பார்க்கவும் ==

* தூதரகம்
* தூதுறவு விலக்குரிமை
* தூதுறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கை
* வாகனப் பதிவெண் தகடு