பல்கலைக்கழகச் சிகிச்சையகங்களில் மருத்துவ உளவியல் பயிற்சி

மருத்துவ உளவியல் பயிலும் மாணவர், தேர்ந்த ஒருவரின் மேற்பார்வையில் உண்மையான நோயாளிகளுடன் பணியாற்றிக் கற்பதே இத்துறையின் செயல்முறைப் பயிற்சி ஆகும். அமெரிக்காவில் இது பல்கலைக்கழகப் புறநோயாளர் சிகிச்சையகத்தில் தோன்றியது. பின்னர் ஓராண்டு உள்ளகப் பயிற்சி மருத்துவமனைகளில் வளர்ந்தது. மாணவர் கற்க வேண்டும். அதனால் நோயாளிக்குத் தீங்கு நேரக்கூடாது. இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சியே இப்பயிற்சியின் வரலாறு.

தொடக்கம்

ஜெர்மனியில் வில்ஹெல்ம் வுண்ட்டிடம் பயின்ற லைட்னர் விட்மர், 1896-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதல் உளவியல் சிகிச்சையகத்தை நிறுவினார். எழுத்துக்கூட்டி எழுத இயலாத 14 வயது மாணவன் ஒருவனை மார்கரெட் மகுவயர் என்ற ஆசிரியை அவரிடம் அழைத்து வந்தார். சோதனையில் சிறுவனுக்குப் பார்வைக் குறைபாடு இருப்பது தெரிந்தது. கண்ணாடி அணிவிக்கப்பட்டு, தனிப்பயிற்சியும் அளிக்கப்பட்டது.

1897 கோடையில் விட்மர் நான்கு வாரப் பயிற்சி வகுப்பு நடத்தினார். குழந்தைகளை நேரில் காட்டி விளக்குதல், சோதனை முறைகள், குறைநீக்கக் கற்பித்தல் ஆகியவை அதில் இடம்பெற்றன. 'மருத்துவ உளவியல்' என்ற பெயரை 1907-இல் தாம் தொடங்கிய இதழில் முன்வைத்தவரும் அவரே.

மருத்துவமனைகளை நோக்கி

விட்மரின் சிகிச்சையகத்துக்குப் பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகளே வந்தனர். கடும் மனநோய் உடையவர்களை மாணவர் அங்கே காண்பது அரிது. 1908-இல் நியூ ஜெர்சியின் வைன்லாந்து பயிற்சிப் பள்ளியில் ஹென்றி கோடார்ட் உள்ளகப் பயிற்சியைத் தொடங்கினார். பின்னர் மாசசூசெட்ஸின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் டேவிட் ஷாகோ அதை விரிவாக வளர்த்தார்.

ஒலிப்பதிவும் மேற்பார்வையும்

மூடிய அறையில் மாணவர் என்ன பேசினார் என்பதை மேற்பார்வையாளர் எவ்வாறு அறிவது? வெகுகாலம் மாணவரின் நினைவுக் குறிப்புகளே ஆதாரமாக இருந்தன. 1940-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்த கார்ல் ரோஜர்ஸும் அவருடைய மாணவர்களும் உரையாடல்களை ஒலித்தட்டுகளில் பதிவு செய்தனர். ஒப்பிட்டுப் பார்த்தபோது, குறிப்புகளில் பல செய்திகள் விடுபட்டிருப்பது தெரிந்தது. ஒரு சிகிச்சையின் முழு உரையாடலையும் ரோஜர்ஸ் 1942-இல் தம் நூலில் வெளியிட்டார். மாணவரின் தவறு அவருடைய சொற்களிலேயே தெரியத் தொடங்கியது.

போருக்குப் பின்

இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு மனநலப் பணியாளர்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். 1946-இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் நிர்வாகம் பல்கலைக்கழகங்களுடன் இணைந்து பயிற்சித் திட்டம் தொடங்கியது. ஷாகோ தலைமையிலான குழு 1947-இல் நான்காண்டுப் படிப்பைப் பரிந்துரைத்தது. அதில் மூன்றாம் ஆண்டு உள்ளகப் பயிற்சிக்கு உரியது. 1949-இல் கொலராடோவின் போல்டர் நகரில் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலாளர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் பயில வேண்டும் என ஏற்றது. சிகிச்சைப் பணிக்கே முதன்மை தரும் பட்டப்படிப்பை 1973-இல் வெயில் மாநாடு ஏற்றுக்கொண்டது.

இன்றைய நிலை

இன்று அமெரிக்க மாணவர் பொதுவாகத் தம் பல்கலைக்கழகச் சிகிச்சையகத்தில் முதல் நோயாளிகளைச் சந்திக்கிறார். அதன் பின்னரே முழுநேர உள்ளகப் பயிற்சிக்கு வேறு நிறுவனம் செல்கிறார். சிகிச்சையின் சட்டப் பொறுப்பு மேற்பார்வையாளரிடம் இருக்கும்போது, சிகிச்சை அளிப்பவர் பயிற்சி மாணவர் என்பதையும் மேற்பார்வையாளரின் பெயரையும் நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2002 நெறிமுறை கூறுகிறது. தம்மிடம் ஒருவர் கற்றுக்கொள்கிறார் என்பதை அறிந்து இசைவு தருவது நோயாளியின் உரிமையாகிவிட்டது.